லடாக் லாரிக்கு ரெண்டு பட்டை கூடுதல்

திண்டிவனம்,
14.6.1998

பெருமதிப்பிற்குரிய விழுப்புரம் மாப்பிள்ளை வெற்றிவேல் அவர்கள் சமூகத்துக்கு, மாமனார் அப்பாதுரை எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் மாமியார் தையல்நாயகியும் உடம்பளவில் சுகம். அவ்விடம் நீங்களும் என் மகள் சங்கவியும் எல்லா அளவிலும் சுகம் என்று கேள்விப்படுகிறேன். கேள்விப்படாமல் எப்படி இருப்பது, ஊரே அதைத்தான் பேசிக்கினு இருக்குது.

போன் பண்ணினால் சங்கவி எடுத்து, "அவரு தூங்கறாருப்பா" என்கிறாள். காலை பத்து மணிக்குத் தூங்குகிற டிரைவரை நான் கண்டதில்லை. ஆகையால்தான் கடுதாசி. மாப்பிள்ளையை மாமனார் மரியாதை குறைத்து எழுதக் கூடாது என்பது எனக்குத் தெரியும். மரியாதையோடுதான் திட்டப்போகிறேன்.

இரும்பை கிராமத்தில் குடியிருக்கிற டென்மார்க்கு ஹென்ரிக் சார், லாரி மேலேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் சகிதம் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு சம்சாரத்தோடு லடாக் வரைக்கும் போகணும், அதுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற சேசிஸ், பாடி கட்டாத வெறும் அடிவண்டி, ஒண்ணு பொறுக்கணும் என்று தேடி வந்தது யாரை? என்னை. திண்டிவனத்தில் எந்த லாரி பட்டறையில் கேட்டாலும் என் பேரைத்தான் சொல்லுவான். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, முப்பத்தாறு வருஷ ஸ்டியரிங். எழுபத்தொண்ணு சண்டையில் அஸ்ஸாமுக்கு அரிசி ஏத்திக்கினு போனபோது, ஒரு கர்னல் என் வண்டியை நிறுத்தி, பாலம் தாங்குமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் பட்டாளத்தையே விட்டார். இதைக் கேட்டதும் ஹென்ரிக் சார், "அங்கிள், சேசிஸும் நீங்க பாக்கறீங்க, லடாக்குக்கும் நீங்கதான் ஓட்டறீங்க" என்று கையைக் கொடுத்தார். அந்தக் கையை நான் இன்னும் விடவில்லை, அவர்தான் உருவிக்கொண்டார்.

விஷயம் அதோடு நின்றதா? லாரி சங்கத்தில் எனக்கு மாலை போட்டார்கள். 'இமயம் செல்லும் எங்கள் அப்பாதுரை' என்று நோட்டீஸ் அடித்து, மார்க்கெட் கமிட்டி சுவர் முழுக்க ஒட்டினார்கள். உங்கள் மாமியார் குரங்குக் குல்லா வாங்கிவந்து, இந்தக் கோடையில் தலைக்குப் போட்டு அளவு பார்த்தாள்.

இப்ப சேசிஸ் கதைக்கு வாங்க. சென்னைப் பக்கம் பட்டாளத்தார் கழித்த வண்டிகள் நிற்கிற யார்டுக்கு நீங்களும் கூட வந்தீங்க. நீங்க பாடி கட்டற ஷெட்டில் வேலை செய்யறவர்தானே என்று நான்தான் கூப்பிட்டேன், அது என் புத்தி. அங்க ரெண்டு வண்டி தேறிச்சு. ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை. நீங்க குட்டைகிட்ட போய்க் குனிஞ்சு பார்த்துட்டு, "மாமா, இதுதான் சரி. மலை வளைவுல ஒரே மூச்சுல திரும்பும். ஸ்பிரிங் பட்டையும் மெலிசு, ஏத்தப்போற பெட்டி லேசுதானே" என்றீங்க. நான் நெட்டைதான் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? சங்கத்து வாசலில் நிறுத்தினால் இந்தக் கடைக்கும் அந்தக் கடைக்கும் நீளமாக நிற்கணும். குட்டை வண்டியில் இமயம் போனால் எவன் நம்புவான்?

திண்டிவனத்தில் ஒருத்தன் சேசிஸ் வாங்கினால் சாமி கும்பிடுவது ரெண்டாவது வேலை. முதல் வேலை, பின்னாடி ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை கூட ஏத்தறது. எங்கப்பா ஏத்தினார், நான் ஏத்தினேன், ஏத்தாதவன் வண்டி பாதி வழியிலேயே குந்திக்கும். இந்த வண்டிக்கும் ஏத்தினேன். ஏத்திட்டு நூத்திருவது மூட்டை மல்லாட்டைக் கடலையை அடுக்கி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை, தொட்டில் மாதிரி போச்சு. முன்சீட்டில் வைத்த டீ கிளாஸ் தளும்பலை. அப்பவும் நீங்க, "மாமா, இது மல்லாட்டை ஏத்தற வண்டி இல்ல, மனுஷன் தூங்கற வண்டி. மூட்டையை எறக்கினா துள்ளும்" என்றீங்க. "மூட்டை என்னைக்காவது குறை சொல்லியிருக்குதா மாப்ளே?" என்றேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க சிரிக்கலை, அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சு.

அப்புறம் பெட்டி. "மேடு பள்ளத்துல சேசிஸ் முறுக்கிக்கும் மாமா, பெட்டியை இறுக்கிக் கட்டாதீங்க, மூணே இடத்துல தாங்கவிட்டு ஆடவிடுங்க" என்றீங்க. ஆடற வீட்டில் எவன் குடியிருப்பான்? பதினாறு போல்ட் போட்டு முறுக்கினேன். உங்க அம்மா சின்னக்கண்ணு சம்பந்தியம்மா நாங்க சீர் கொடுத்த பித்தளை அண்டாவைப் பிடிச்சாங்களே, அந்தப் பிடி.

போன வாரம் இரும்பைக்குப் பின்னால் செம்மண் பள்ளத்தில் வெள்ளோட்டம். பெட்டிக்குள்ள ஹென்ரிக் சார் சம்சாரம் அனெட்டம்மாவும், டீ போட்டுக் காட்டுகிறேன் என்று ஏறின உங்க மாமியாரும். சார் என் பக்கத்தில். முதல் மேட்டில் கெட்டில் கூரையில் இடிச்சது. ரெண்டாவது மேட்டில் உங்க மாமியார் இடிச்சாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், கெட்டில் பேசாது. மூணாவது, வலது முன்சக்கரம் பள்ளத்தில், இடது பின்சக்கரம் ஆகாயத்தில், வண்டி நின்னுபோச்சு. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, மறுக்கலை, ஆனா எதை இழுக்கிறது என்று நாலுக்கும் நாலு அபிப்பிராயம். சேசிஸ் முறுக்கினதில் பெட்டி மூலையில் விரல் நுழையற அளவுக்கு விரிசல். கதவு நிலையில் சிக்கித் திறக்கலை.

"யோவ், கதவைத் தொறய்யா" என்று உள்ளேயிருந்து உங்க மாமியார்.

"அது சேப்டி லாக்குடி, வெளிநாட்டு டிசைன்" என்றேன்.

"டிசைன் பண்ணவனை உள்ள வரச் சொல்லு, நான் வெளிய வர்றேன்."

கடப்பாரை போட்டேன், கைப்பிடிதான் வந்தது. வேற வழியில்லாம ஹென்ரிக் சார் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் உங்களைக் கூப்பிட்டார். விழுப்புரத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி, கோணிப்பையில் ஒரு ஜாக்கியோட வந்தீங்க. கதவைத் தொடக்கூட இல்லை. தூக்கின சக்கரத்தைப் பார்த்தீங்க, பள்ளத்துச் சக்கரத்துக்குக் கீழ ஜாக்கியை வெச்சு ஏத்தினீங்க, முறுக்கு விட்டுச்சு, கதவு தானா 'கிரீச்'சென்று திறந்துகிச்சு. ஊர் சனம் பார்த்துக்கினு இருக்குது. மாப்பிள்ளை, நான் கேட்கிறேன், மாமனாரை மனசுல வெச்சு ஒரு பத்து நிமிஷமாவது நீங்க தடுமாறியிருக்கக் கூடாதா? நெத்தி வேர்வையைத் துடைச்சுக்கினு, "கஷ்டம்தான் மாமா" என்று ஒரு வார்த்தை. என்ன குறைஞ்சுபோயிருக்கும்?

மறுநாளே பட்டை ரெண்டையும் கழட்டினீங்க. பதினாறு போல்ட்டையும் அறுத்துட்டு மூணு இடத்தில் தாங்கவிட்டீங்க. அதே பள்ளத்தில் ஓட்டினீங்க, பெட்டி தண்ணியில் படகு மாதிரி சாஞ்சு நிமிர்ந்து போச்சு. அனெட்டம்மா உள்ளேயிருந்து டீ கிளாஸை ஜன்னல் வழியாக் காட்டிச்சு. ஹென்ரிக் சார் சாவியை உங்க கையில் வெச்சுட்டு, என் தோளைத் தட்டி, "அங்கிள், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். ரெஸ்ட். முப்பத்தாறு வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருத்தன் இவ்வளவு கெட்ட வார்த்தை சொன்னதில்லை.

இப்ப நான் மார்க்கெட்டுக்குச் சந்து வழியாத்தான் போய்க்கினு இருக்கேன். பால்காரர் மாரியப்பன் தினம் கேட்கிறார், "இன்னும் கெளம்பலையாண்ணே?" பனி வழியை அடைச்சிருக்குது, ரேடியோவில் சொன்னால்தான் கிளம்பணும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நேற்று அவர், "நான் தினம் ரேடியோ கேக்கறேண்ணே, ஒண்ணுமே சொல்லலியே" என்கிறார். பேஜாரு பிடிச்ச ஆள்.

முடிவாகச் சொல்கிறேன். அந்த நெட்டை வண்டி மலை வளைவில் மூணு தடவை முன்னபின்ன போகாமல் திரும்பாது. உயரத்தில் இஞ்சினுக்கு மூச்சு வாங்கும், உங்களுக்கும் வாங்கும். என் மகளை நினைத்து நீங்கள் இந்தப் பயணத்தை விட்டுவிடுவதே உத்தமம். பூரண கும்பத்தோடு வந்து அழைத்தாலும் நான் அந்த வண்டியில் கால் வைக்க மாட்டேன் என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

சங்கவிக்கு என் ஆசி. சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம், அண்டாவுக்கும் சேர்த்து. மேல்மலையனூர் அங்காளம்மன் உங்களுக்குத் துணை நிற்கட்டும், மிச்சமிருந்தால் அந்த சேசிஸுக்கும் நிற்கட்டும்.

இப்படிக்கு,
மனமுடைந்த மாமனார்,
அப்பாதுரை

பின்குறிப்பு: வியாழக்கிழமை காலை கிளம்புவதாகச் சங்கவி சொன்னாள். வண்டி வர்ற வழியில் கிளியனூர் பஸ் நிறுத்தத்தில் ஆறு மணிக்கெல்லாம் ஒரு பையோட நின்னுக்கினு இருப்பேன், ஓரமாக. ஸ்டியரிங் வேணாம். உள்ளபடி சொன்னால் நான் நெல்லூரைத் தாண்டினதில்லை, உங்க மாமியாருக்கு மட்டும்தான் தெரியும். சார்கிட்ட கிளீனர் என்று சொல்லிடுங்க. வண்டி நெட்டை, வளைவுல ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் பின்னால நின்னு தட்டி, "வரலாம், வரலாம், போதும்" என்று சொல்ல ஒரு ஆள் வேணும் இல்லீங்களா மாப்பிள்ளை.