பெங்கெல்லி வீட்டு நாற்காலி

நாளை நண்பகலோடு மனுத்தாக்கல் முடிகிறது. எதிர்த்து நிற்க ஒருவரும் வரவில்லை. கவுன்சிலர் அர்னால்ட் பெங்கெல்லி காலை ரொட்டியைத் தள்ளி வைத்தார்.

வட்டார மன்றத்தில் வரிங்கா ஊருக்கு ஒரே ஓர் இடம். தாத்தா மல்லுக்கட்டி வென்ற நாற்காலி அது, அப்பாவும் அப்படியே. தாம் மட்டும் போட்டியின்றி உட்கார்ந்தால் வம்சத்துக்கே இழுக்கு.

"நாற்காலி கிடைச்சா போதாதா?" என்றாள் மனைவி ஐவி.

"சும்மா கிடைக்கிறதை வாங்கிக்கிற குடும்பமா இது?"

தொப்பியை மாட்டிக்கொண்டு பெட்ரோல் கடை டெஸ் குவிக்லியிடம் போய், எதிர்த்து நிற்கச் சொன்னார். டெஸ் தலையைச் சொறிந்தான்.

"நிக்கிறேன் ஐயா. ஆனா ஒத்த ஓட்டுகூட விழலைன்னா, டீசல் போட வர்றவன் எல்லாம் சிரிப்பானே."

"விழும். அதுக்கு நான் பொறுப்பு."

பெங்கெல்லி கொடுத்த சொல் தவறக் கூடாது. அன்றே ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவரிடம் காதோடு காதாகச் சொன்னார்: ஊரே எனக்குத்தான் போடும், உங்கள் ஓட்டை மட்டும் டெஸ்ஸுக்குப் போடுங்கள், வெளியே மூச்சு விடாதீர்கள். அவர் சத்தியம் செய்தார். பாதி வழியில் பெங்கெல்லிக்குச் சந்தேகம் வந்தது. பெங்கெல்லிக்கு எதிராக எவனுக்குக் கை வரும்? கடைசி நொடியில் மனசு மாறிவிடுவான். எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கும் சத்தியம் கிடைத்தது. அங்கும் நம்பிக்கை வரவில்லை. இப்படியே மதுக்கடை, ஆட்டுச்சந்தை, தேவாலய வாசல் என்று தேர்தல்வரை நடையாய் நடந்தார்.

வாக்களிக்க வந்தவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். வெற்றி உறுதி என்று முதுகை நிமிர்த்திக்கொண்டார். தமக்குத் தாமே ஓட்டுப் போட்டுக்கொள்வது கௌரவமல்ல என்று அவரும் டெஸ்ஸுக்கே போட்டார்.

மாலை ஊர்மண்டபத்தில் முடிவை வாசித்தார்கள். டெஸ் எண்பத்தாறு. பெங்கெல்லி ஒன்று.

கூட்டம் திகைத்தது. "உங்ககிட்டயுமா சொன்னாரு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பிறகு எழுந்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது.

பெங்கெல்லி மட்டும் முகவாயைத் தாழ்த்தாமல் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீயாவது குடும்ப மானத்தைக் காப்பாத்தினியே, ஐவி."

"நானா? என்கிட்டயுந்தான் காலையில சத்தியம் வாங்கினீங்க."

"அப்போ அந்த ஒண்ணு?"

புதிய கவுன்சிலர் டெஸ் கூச்சத்தோடு கையைத் தூக்கினான்.

"நான்தான் ஐயா. ஊர்ல என்கிட்ட மட்டுந்தான் நீங்க ஓட்டுக் கேட்டு வரல."