தேங்காய்க்கு சீட் பெல்ட்

நடந்தது இதுதான்.

1. புது கார் வாங்கிய இரண்டாம் மாதம், என் பள்ளித் தோழி செல்வி அதை ஒரு நாள் இரவல் கேட்டாள்.

2. கொடுத்தேன். கூடவே பதினொரு நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன்.

3. அவள் பதினொன்றையும் கடைப்பிடித்தாள்.

4. அதனால் கல்வராயன் மலைச் சாலை முக்கால் மணி நேரத்துக்கு மேல் அடைபட்டது. அவள் தம்பிக்கு நடந்த நிச்சயதார்த்தத்தை அவள் தம்பியே பார்க்கவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு உறைக்க நாளாயிற்று.

கள்ளக்குறிச்சியில் எங்கள் அத்தாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) துணிக்கடைக்கு மேல் ஓர் அறையில் உட்கார்ந்து, சென்னை நிறுவனம் ஒன்றின் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. ஐந்து வருடச் சேமிப்பில் அந்தக் காரை வாங்கியிருந்தேன். தூங்குவதற்கு முன் ஜன்னலைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்ப்பேன். (இருக்கும்.)

செல்வி சங்கராபுரத்துக்காரி. அப்பா இல்லாத வீடு. நிலம், மாடு, தம்பி எல்லாம் அவள் பொறுப்பு. தம்பி குமாருக்கு வெள்ளிமலையில் பெண் முடிவாகியிருந்தது. செல்வி வீட்டில் ஒரு சாவு விழுந்ததால் நிச்சயம் ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்குள், ராகு காலம் பிறக்குமுன், தட்டு மாற்ற வேண்டும்; இந்த முறையும் தவறினால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார்.

"சும்மா வாணாம் பானு. வாடகை சொல்லு, குடுத்துடறேன்" என்றாள் செல்வி.

சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரை வாடகைக்கு விட்டால் விபத்தின்போது காப்பீடு கிடைக்காது என்று அவளுக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். ஆகவே இரவல்தான் என்று தீர்மானித்து, அன்று மாலையே காகிதத்தை நீட்டினேன். அவள் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

கீழே கடையில் இருந்த அத்தா மட்டும் கேட்டார்: "கார் குடுக்கிறியா, ஜாமீன் குடுக்கிறியாம்மா?"

நிபந்தனைகளில் மூன்றைச் சொன்னால் போதும். நான்கு: பானெட்டின் மேல் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து: டிக்கியில் மூட்டை ஏற்றக் கூடாது. ஏழு: டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும், என்னைக் கேட்காமல் ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது. (ஏழுக்கு அடிக்கோடு போட்டிருந்தேன்.)

இனி வருவதில் பாதி, அங்கே இருந்த பலரும் பலமுறை எனக்குச் சொன்னது.

செல்வி ஓட்ட, குமார் முன்னால் உட்கார, அவர்கள் அம்மா பின்னால் வரிசைத் தட்டுகளோடும் ஐம்பத்தோரு தேங்காய் கொண்ட மூட்டையோடும் உட்கார்ந்தார். டிக்கி காலியாக வந்தது. மற்ற உறவினர்கள் பேருந்தில் பின்னால் வந்தார்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும், வளைவுக்கு வளைவு மூட்டை அம்மாவின் மேல் சாய்ந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி, குமார் பின்னால் போய்த் தட்டுகளைப் பிடித்துக்கொள்ள, மூட்டை முன் இருக்கைக்கு வந்தது. செல்வி காரைக் கிளப்பினாள். இரண்டடி போயிருக்கும். சிவப்பு விளக்கு எரிந்தது; கூடவே கீங் கீங் என்று ஒரு சத்தம்.

செல்வி அதே இடத்தில் நிறுத்தினாள். அதே இடம் என்பது வளைவின் நட்ட நடு. மேலே வரும் வண்டிக்கும் வழியில்லை, கீழே இறங்கும் வண்டிக்கும் வழியில்லை. பைக் மட்டும் நுழையலாம். போனில் சிக்னலும் இல்லை. எனக்கு போன் செய்வதற்காகக் குமார், பட்டு வேட்டியோடு ஒரு பால்காரரின் பைக்கில் தொற்றிக்கொண்டு கீழே இறங்கினான்.

அதற்குள் பேருந்து வந்துவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்தார்.

"இன்னாம்மா, நட்டநடுவுல வுட்டுட்டு குந்திகினு கீற? கொஞ்சம் ஓரங்கட்டு."

"நகத்தக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துருக்குதுங்க" என்று காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள் செல்வி.

கண்டக்டர் அதை வாங்கி, பயணிகளுக்குக் கேட்கும்படி ஒன்று முதல் பதினொன்று வரை வாசித்தார். "ஏழாவதுல போட்டுகினு தான் கீது. இந்தம்மா மேல தப்பில்ல" என்று தீர்ப்பும் சொன்னார். பேருந்து இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி காரைத் தூக்கி ஓரமாக வைக்கலாம் என்றது. இன்னொரு கட்சி, எழுதினவளை நேரில் பார்க்க வேண்டும் என்றது.

எழுதினவள் அப்போது அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள். குமாரின் முதல் நான்கு அழைப்புகளை எடுக்கவில்லை. ஐந்தாவதை எடுத்தேன்.

"அக்கா, செவப்பா ஒண்ணு எரியுது. கத்துது."

"என்ன உருவம்?"

"நான் பாக்கலக்கா. செல்வியக்காதான் பாத்துச்சு."

எஞ்சின் சூடு, பிரேக் எண்ணெய், பேட்டரி என்று மூன்று காரணங்களை எழுதினேன். பிழை என்று யார் சொன்னாலும் முதலில் படம் கேட்பது எங்கள் தொழில் வழக்கம். எனவே, நிச்சயத்துக்கு அரை மணி நேரமே இருந்த மாப்பிள்ளையிடம், மேலே போய் அதைப் படம் எடுத்துக்கொண்டு, திரும்பவும் கீழே வந்து அனுப்பச் சொன்னேன்.

அவனும் போனான். என்னை அக்கா என்று கூப்பிடுகிற பையன்.

அவன் படத்தோடு இரண்டாம் முறை இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பைக்கில் போனவர்கள் மூலம் செய்தி வெள்ளிமலைக்கு ஏறி, பெண்ணின் அப்பா தட்டோடு பைக்கில் வந்து சேர்ந்தார். மணி பத்து இருபது. எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "பத்து நிமிசம் கீது. இங்கியே மாத்திக்கலாம்" என்றாராம். தட்டுகளை வைக்கச் சமமான இடம் பானெட் ஒன்றுதான்.

"அதுல வாணாங்க. நாலாவதுல போட்டுருக்குது" என்றாள் செல்வி.

ஆகவே பேருந்தின் முன் இருக்கையில், கண்டக்டர் டிக்கெட் பையை நகர்த்தி வைத்துவிட்டு இடம் கொடுக்க, செல்வியின் அம்மாவும் பெண்ணின் அப்பாவும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். பயணிகள் அத்தனை பேருக்கும் வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள்.

படம் எனக்கு வந்தது. சிவப்பு விளக்கில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், குறுக்கே ஒரு பட்டை. முன் இருக்கையில் யார் என்று கேட்டேன். குமார் சொன்னான்.

பத்து நாற்பதுக்கு அவன் வளைவுக்குத் திரும்பியபோது, எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

"தேங்காய்க்கு சீட் பெல்ட் போடச் சொல்றாங்க."

போட்டார்கள். விளக்கு அணைந்தது. கார் நகர்ந்தது.

மாலையில் செல்வி சாவியைக் கொடுத்தாள். காரில் ஒரு கீறல் இல்லை. தரையில் ஒரு நார் இல்லை. "சின்ன விளக்குதானே, ஓரமா நகத்தியிருக்கலாமேடி" என்றேன் நான். (சொன்னேன்.)

"எங்களுக்கு இன்னா தெரியும்? உன் வண்டிக்கு எதுனா ஆனா, நெலத்த வித்துதான் ஈடு கட்டணும். அதான் நின்னேன்" என்றாள். பிறகு, "வாடகை வாங்கிகினு கையெழுத்து கேட்டிருந்தா, நான் உனக்கு யாரோன்னு வுட்டுருப்பேன். இரவலா குடுத்துட்டு கையெழுத்து வாங்கினியே பானு."



கல்யாணம் நல்லபடி நடந்தது. குமாரும் அவன் மனைவியும் சௌக்கியம். நிச்சயத்துக்கு ஏன் வரவில்லை என்று அவள் அவனை இன்னும் கேட்கிறாளாம். அந்தக் காகிதத்தைக் கண்டக்டர் திருப்பித் தரவில்லை. நான் சங்கராபுரம் போனால், செல்வியின் அம்மா தாம்பூலப் பையில் ஒரு தேங்காய் வைத்து, "பெல்ட் போட்டு எடுத்துக்கினு போம்மா" என்பார். ஒற்றைத் தேங்காய்க்கு அந்த விளக்கு எரியாது, எடை போதாது. இருந்தாலும் போட்டுவிடுகிறேன்.

சாவியை நானே இரண்டு முறை செல்வியிடம் நீட்டினேன், காகிதம் இல்லாமல். பேருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.