பிளாரன்ஸில் தெருக்குத்து

இத்தாலியில் பிளாரன்ஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களுக்காக எங்கள் மேப்பு அண்ணனைப் போலக் கவலைப்பட்டவர் உலகத்தில் வேறு யாருமே இல்லை. அவர் அதிகபட்சம் போயிருந்த தூரம் திண்டுக்கல்.

எழுபதுகளின் கடைசி. கோச்சடையில் படங்களுக்குக் கண்ணாடி அறுத்துச் சட்டம் போடும் கடையில் நான் வேலை பார்த்தேன். கடையின் பின்பக்கம் அண்ணனுடையது. பழைய புத்தகக் கடையில் அவருக்கு ஒரு கனத்த புத்தகம் அகப்பட்டிருந்தது. ஐநூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலி நகரங்களை, பருந்து மேலிருந்து பார்ப்பதுபோல வீடு வீடாக வரைந்த படங்கள். அவற்றைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கிப் பலகையில் வர்ணம் தீட்டுவார். மதுரையில் இதை யார் கேட்டார்கள் என்றால், யாரும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு வரைந்துகொண்டே இருந்தார்.

சாப்பிடக் கூப்பிட்டால், "ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன் மாப்ள. பாலத்தத் தாண்டிட்டு வாரேன்" என்பார். அந்தப் பாலத்தின் மேல் வரிசையாகக் கடைகள். ஒவ்வொன்றாகத் தீட்டித் தாண்டி வருவதற்குள் சோறு ஆறிப்போகும்.

கே.கே. நகர் டாக்டர் ஒருவர் வெனிஸ் படத்தை வாங்கி, நோயாளிகள் உட்காரும் இடத்தில் மாட்டினார். அந்த ஊர் நடுவே பெரிய கால்வாய் ஒன்று குடல் மாதிரி வளைந்து வளைந்து போகும். உடைந்த கண்ணாடியை மாற்றப் போனபோது நானே பார்த்தேன். ஒரு பெரியவர் கால்வாயில் விரலை வைத்து, "இந்தா, இந்தத் திருப்பத்துலதான் டாக்டரய்யா புடிச்சு இழுக்குது" என்றார். டாக்டருக்குப் பழகிவிட்டது. "சாப்பிட்ட பெறகா, முன்னாலயா?" என்று கேட்டார்.

அண்ணனிடம் வந்து சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த எடம் நெருக்கடிதான் மாப்ள. படகு திரும்பணும்ல" என்றார்.

இப்படிப்பட்டவருக்கும் பெண் கொடுக்க ஆள் இருந்தது. பெண்ணின் அப்பா, பரவைக் காய்கறி வியாபாரி, மாப்பிள்ளைக்கு நிலையான வேலை வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்தச் சமயத்தில் பக்கத்து மிஷன் பள்ளியில் டிராயிங் மாஸ்டர் வேலை காலியாக இருந்தது. தலைமையாசிரியரான ஃபாதர், பள்ளி ஹாலுக்குப் பிளாரன்ஸை அச்சு அசலாக வரைந்து கொடுத்தால் வேலை தருவதாகச் சொன்னார்.

படம் முடிந்ததும் ஃபாதர் கடைக்கே வந்தார். முதலில் தள்ளி நின்று முழுப் படத்தையும் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது என்ன தம்பி, சந்துக்குச் சந்து குட்டியா உக்காந்திருக்கு?"

"பிள்ளையாரு சாமி."

"பிளாரன்ஸ்ல பிள்ளையாரா!"

"தெருக்குத்து சாமி. சந்து நேரா வந்து வீட்டு வாசல்ல முட்டுது பாருங்க. நம்மூர்ல அந்த எடத்துல பிள்ளையார வைக்காம எவனாச்சும் குடியிருப்பானா? அங்க அம்புட்டு வீடும் சும்மா கெடக்கு. பாத்துட்டு எப்படி விடுறது?"

"அசல்ல இல்லாததை வரையலாமா? உனக்கு அவ்வளவு பயமா இருந்தா, தெருவைக் கொஞ்சம் வளைச்சு விட்டிருக்கலாமே!"

"வளைச்சா மேப்பு பொய்யாயிருமே சாமி."

ஃபாதருக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த வீடுகளைக் கட்டி ஐநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுல இருந்தவங்க அத்தனை பேரும் செத்துப் போயிட்டாங்க!"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியா மாப்ள?"

நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். "அழிச்சா வேலை. இல்லேன்னா இல்லை" என்று சொல்லிவிட்டு ஃபாதர் போய்விட்டார்.

பரவைப் பெண்ணை அண்ணனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. துணியை டர்பன்டைனில் நனைத்து ஒரு பிள்ளையார் வரைக்கும் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது. "உள்ள பிள்ளகுட்டி இருக்கும் மாப்ள" என்றார். துணியைப் போட்டுவிட்டு, பெண் வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று சைக்கிளில் கிளம்பினார்.

போனவர் பாடிக்கொண்டே திரும்பி வந்தார். வியாபாரி பேச்சை முறிக்கத்தான் பார்த்தாராம். உள்ளே வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணோ சத்தம் போட்டுச் சொன்னதாம்: "அவுக ஊரு வீட்டுக்கு அவுக சாமி காவலுக்கு இருந்தா ஆகாதாக்கும்? இதுக்குப் போயி இம்புட்டுப் பேச்சு!"

மறுநாள் எல்லாப் பிள்ளையாரும் அந்தோணியார் ஆனார்கள். தும்பிக்கை போனது, கையில் குழந்தை இயேசு வந்தார். தொந்தியை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஃபாதர் வந்து வெகுநேரம் பார்த்தார். அசலில் இவர்களும் கிடையாது. ஆனாலும் அந்தோணியாரை அழிக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. படம் ஹாலில் ஏறியது. விழாவுக்கு வந்த மூத்த பாதிரியார் ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "ஊரு நல்ல செழிப்பு போல. புனிதர்களே தொந்தியோட இருக்காங்க" என்றார். ஃபாதர் கூரையைப் பார்த்தார்.

வேலை கிடைத்தது, கல்யாணமும் நடந்தது. அந்தப் பெண்ணோடு அண்ணன் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடிவந்தார். அதற்குப் பிறகு, தாழ்ப்பாள் போட மறந்த நாளிலும் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.