மல்கிரேவ் மன்னன் முடி துறந்த வரலாறு

உலகத்துக்குத் துன்பியல் நாடகத்தைக் கொடுத்தவர்கள் கிரேக்கர்கள். அதிலிருந்த ஒரேயொரு குறையை, அதாவது கடைசியில் மன்னன் விழுவதை, நீக்கித் திருப்பிக் கொடுத்தவர் மெல்பேர்ன் மல்கிரேவைச் சேர்ந்த விக்னராஜா. இத்தனை பெரிய தொண்டுக்கு ஏதென்ஸ் நகரில் இன்னும் ஒரு சிலை வைக்கவில்லை. நன்றி கெட்ட நகரம்.

விக்னராஜா அங்குள்ள தமிழ்க் கலை மன்றத்தின் தலைவர். பதினொரு வருடமாகத் தலைவர். அலுவலகத்தில் அவர் வெறும் 'விக்'; ஒரு நாள் லீவுக்கு மகன் வயதுப் பொடியனிடம் போய் நிற்கவேண்டும். மன்றத்திலோ அவர் எழுந்தால் சபையே எழும். ஆகவே அந்தத் தலைவர் கதிரையில் உயிரையே வைத்திருந்தார். அதற்காக அவரைப் 'பதவி ஆசை' பிடித்தவர் என்று சொன்னால் நாக்கு அழுகும். ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் அவரே எழுந்து, "எனக்குக் களைச்சுப்போச்சு, நான் போறன், இளம் ஆக்கள் ஆரும் வாங்கோ" என்பார். சபை தரையைப் பார்க்கும். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஐயோ, நீங்களே இருங்கோ" என்று கூவும். நாலு பேர் கை தட்டுவார்கள். "மக்கள் என்னை விடுறாங்கள் இல்லை" என்று கண்ணைத் துடைத்தபடி அவர் மறுபடி உட்காருவார். ஜனநாயகம் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்.

மன்றத்தின் வெள்ளிவிழாவுக்குக் கிரேக்கப் பாணியில் ஒரு நாடகம் எழுதினாள் மிருணாளினி. பள்ளிக்கூடத்தில் நாடகம் படிப்பிக்கிறவள். மன்னர் வேடம் என்றதும் விக்னராஜா மேற்கொண்டு ஒரு வரியும் வாசிக்காமல் ஒப்புக்கொண்டார். ஒத்திகையில்தான் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது.

"இதென்ன பிள்ளை, நான் முடியைக் கழட்டி வைச்சிட்டுப் போறனோ?"

"ஓம் அங்கிள். அகந்தையால விழுறார். அதுதான் ட்ராஜெடி."

"அகந்தை எண்டு போடாதேயும். நீண்டகாலச் சேவை எண்டு போடும்."

"அது விதி அங்கிள். மாத்தேலாது."

"எங்கட மன்றச் சட்ட யாப்பின்படி தலைவர் விரும்பினா எந்த விதியையும் மாத்தலாம்."

திருத்தங்கள் நிறைவேறின. வீழ்ச்சியை முன்கூட்டியே சொல்லும் குருட்டுக் குறிசொல்லி, 'அபசகுனம்' என்ற காரணத்தால் நீக்கப்பட்டார். மன்னனை இடித்துரைக்கும் கோரஸ், அதாவது நகரத்துப் பெரியவர்கள், மேடையில் நிற்கலாம், வாய் திறக்கலாகாது எனத் தீர்மானமாயிற்று. பெரியவர்களாக நடித்தவர்கள் மன்றத்தின் செயற்குழுவினர் என்பதால் இதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை. முடிவில் மன்னன் "போகிறேன்" என்பான், சபையிலிருந்து 'இருங்கோ' என்று குரல் எழும், மன்னன் இருப்பான்.

"குரலுக்கு ஆரை ஒழுங்கு பண்ண அங்கிள்?"

"அது வருசா வருசம் தானா வாறது பிள்ளை. மக்களை நம்போணும்."

வீட்டில் அவர் மனைவி யோகா, விழாவுக்கு வரும் சனம் அத்தனைக்கும் ரோல்ஸ் செய்யக் கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். "இஞ்சேருங்கோ, இந்த முறை உண்மையாவே தலைவர் பதவியை விடுங்கோவன். எனக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேணும்."

விக்னராஜா கண்ணாடிக்கு முன்னால் கிரீடத்தைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம் ஓம். தேத்தண்ணியைப் போடும்" என்றார்.

விழா அன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. கடைசிக் காட்சியில் கிரீடத்தைக் கழற்றிச் சிங்காசனத்தில் வைத்தார். "மக்களே, களைத்துவிட்டேன். இந்தச் சிங்காசனத்தை விட்டு நான் போகிறேன்."

காத்திருந்தார். கோரஸ் தரையைப் பார்த்தது. மேடை வெளிச்சம் கண்ணைக் குத்தியதில் சபை தெரியவில்லை. "போகிறேன்" என்றார் மறுபடி, கொஞ்சம் கெஞ்சலாக.

பின்வரிசையிலிருந்து குரல் எழுந்தது. வருடா வருடம் எழும் அதே குரல்.

"வழிமொழியிறன்."

கூட்டத்துக்குப் பழகின சனம் பாருங்கள், மண்டபம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. கோரஸில் நின்ற மன்றச் செயலாளர் கணேசலிங்கம் பழக்கதோஷத்தில், "ஏகமனதாக நிறைவேறியது" என்று அறிவித்தார். கோரஸ் அன்று பேசிய ஒரே வசனம் அதுதான். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மன்னன் மேடையை விட்டிறங்கி, சனத்துக்கு நடுவால் நடந்து, வெளியே போய்விட்டான். தான் முதலில் எழுதியபடியே எல்லாம் நடந்ததைக் கண்டு மிருணாளினி விம்மி விம்மி அழுதாள்.

காருக்குள் யோகா முதலே வந்து இருந்தாள். கிரேக்க அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஏறிய விக்னராஜா கதவைச் சாத்தினார். பாவம், உண்மையாகவே அழுதார்.

"பதினொரு வருசம் இருங்கோ எண்டு சொன்ன அதே குரல், யோகா. மக்கள்ர குரல். அதே என்னைக் கைவிட்டிட்டுது."

"அது நான்தானப்பா," என்றாள் யோகா, காரைப் பின்னுக்கு எடுத்தபடி. "எல்லாரும் நிலத்தைப் பாத்துக்கொண்டிருக்க, உங்கட முகத்தைப் பாக்கேலாமல் ஒவ்வொரு வருசமும் கத்தினனான். வீட்டில நான் கதைக்கிறதை ஒருநாளாவது காதில வாங்கியிருந்தா, உங்களுக்குக் குரல் பிடிபட்டிருக்கும்."