குலுக்கக் கூடாத பாட்டில்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் வீட்டுக்காரியும் சுகம்தான். கூடத்து மின்விசிறிக்கு மட்டும் சுகமில்லை. அதற்குத் தாங்கள்தான் பொறுப்பு.

மாப்பிள்ளைக்கு வேலை மாற்றல் வந்து தாங்கள் எல்லோரும் இங்கிருந்து போய் எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறு மதியமானால் தங்கள் பால்கனியில் கறுப்பு பீரில் செர்ரிப் பழ லிக்கர் கலந்து, ஆளுக்கொரு கிளாஸோடு ஊர்வம்பு பேசிய பழக்கம் என்னை விடவில்லை. நாமே கலந்துகொண்டால் என்ன என்று போன ஞாயிறு வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். முப்பத்து நாலு வருஷம் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவன் நான். ரயில் ஓட்டிய தங்களுக்கு வருவது எனக்கு வராதா? லிக்கரை மருந்து மூடியில் அளந்து முப்பது மில்லி கிளாஸில் விட்டேன். பீர் பாட்டிலை எடுத்தேன். கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது, சம்பந்தி. நான் எந்தப் பாட்டிலையும் நன்றாகக் குலுக்கிவிட்டுத்தானே திறப்பேன்? குலுக்கினேன், திறந்தேன். நுரை நேரே மேலே போய், சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியில் பட்டது. அது சுவர், சோபா, மடித்து வைத்த வெள்ளைத் துணி, கல்யாண போட்டோவில் தங்கள் முகம் என்று பாரபட்சமில்லாமல் எல்லாவற்றுக்கும் பங்கு வைத்தது. "என்னங்க இது, வீட்டுக்குள்ள மழை பெய்யுது?" என்று வீட்டுக்காரி ஓடி வந்தாள். துடைத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

இரண்டாவது பாட்டிலில் தாங்கள் சொன்னபடி செய்தேன். "பிரேக் பிடிக்கிற மாதிரி, சம்பந்தி, கொஞ்சம் கொஞ்சமா" என்பீர்களே, அப்படியே கிளாஸைச் சாய்த்து, கரண்டியின் முதுகில் பீரை வழியவிட்டேன். வந்துவிட்டது! அதே கருஞ்சிவப்பு, மேலே ஒரு விரல் நுரை. ஆனால் "இன்னிக்கு இனிப்பு தூக்கல்" என்று குறை சொல்ல ஆள் இல்லை. வீட்டுக்காரியிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இருமல் மருந்து மாதிரி இருக்கு" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள். "கட்டிக் கொடுத்த பொண்ண நினைச்சு ஏங்குறீங்கன்னு இத்தனை நாளா பாவம் பார்த்தேன். நீங்க சம்பந்திய நினைச்சுல்ல ஏங்குறீங்க?" என்றாள். நான் அடியோடு மறுத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் மகள் போனில் ஒன்று சொன்னாள். "மாமாவுக்கு இங்க நல்ல துணை கிடைச்சுடுச்சுப்பா. எதிர்வீட்டு கப்பல் இன்ஜினியர் தினமும் வந்துடுறாரு." அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறைக்காமல் சொல்லுங்கள், அந்தக் கரண்டி வித்தையை அவருக்கும் காட்டிவிட்டீர்களா? அவர் நாலு கடல் பார்த்தவர், நான் மருந்துச் சீட்டைத் தவிர எதையும் பார்க்காதவன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டவாளத்தில் எருமை படுத்திருந்த கதையைப் பதினேழு தடவை, முதல் தடவை கேட்பதுபோல வாயைப் பிளந்துகொண்டு கேட்டவன் நான், அவர் இல்லை.

"ஒரு மாசம் வந்து தங்குங்க" என்று போன் செய்யும்போதெல்லாம் கூப்பிடுகிறீர்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய் டேரா போடுகிறவன் நான் இல்லை. வரமாட்டேன். இதில் மாற்றமில்லை.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். கப்பல்காரருக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் மகனுடைய மாமனார்

பி.கு.: தபாலில் போட்டால் நாலு நாளாகும் என்பதால் கடிதத்தை நானே எடுத்து வந்துவிட்டேன். தங்கள் குடியிருப்பின் வாசலில், காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து இந்த வரிகளை எழுதுகிறேன். கடிதத்தை மேலே கொண்டுவந்து தர அவர் சம்மதித்துவிட்டார். "நீங்க அவருக்கு என்ன வேணும்னு சொல்றது?" என்று கேட்டார். பெண்ணைப் பெற்றவன் என்றால் மகள் இறங்கி வருவாள். சம்பந்தி என்றால் வீடே இறங்கி வரும். அதனால் சிநேகிதன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். தாங்கள் மட்டும் வாருங்கள்.