ஹெப்பாரின் மாமா

'தெரியாது' என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்த இனம் ஒன்று உலகத்தில் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வங்காளத்தில், டாக்குரியா என்ற பேட்டையில், பூர்ணிமாவுக்கு வாய்த்தவர் மேல்வீட்டுப் பாலசுப்ரமணியன் மாமா. எந்தக் கப்பல் எந்த பெர்த்தில் நிற்பது என்று துறைமுகத்தில் முப்பது வருஷம் அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர்.

பூர்ணிமாவுக்கு டெஸ்ட் டியூப் முறையில் இரண்டு தடவை கரு உண்டாகி, இரண்டு தடவையும் கலைந்துபோனது. 2004-இல் மூன்றாம் தடவை. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசியைத் தினமும் தன் வயிற்றில் தானே குத்திக்கொள்ள வேண்டும். இதை வெளியே சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் மருந்துக்கடையில் அவள் கணவன் ராகவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது யார்?

மறுநாள் காபி ஆறுவதற்குள் மாமா வந்துவிட்டார். காகிதத்தில் வட்டமாக ஒரு வயிறு வரைந்து, தொப்புளைக் கலங்கரை விளக்கமாக நடுவில் வைத்து, சுற்றிலும் எட்டு பெர்த்துக்கு எண் போட்டு, திங்களன்று இரண்டு, செவ்வாயன்று ஏழு என்று ஊசிக்கு இடம் ஒதுக்கி, மழைக்காலத்துக்கென்று தனிப் பத்தியும் சேர்த்திருந்தார். வயிற்றுக்கு ஏது மழைக்காலம்? கேட்கக் கூடாது. நகல் ஒன்றை மாடிப்படிச் சுவரிலும் ஒட்டியாகிவிட்டது. கீழ்வீட்டு வங்காளி மாஷிமா மீன் வாங்கப் போகும்போது நின்று பார்த்துவிட்டு, "பௌமா, ஆஜ் பாஞ்ச் நம்பர்?" மருமகளே, இன்றைக்கு ஐந்தாம் நம்பரா என்று அன்போடு விசாரித்தாள். பூர்ணிமாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை.

பத்தாவது வாரம் மாமாவிடமிருந்து புது உத்தரவு வந்தது.

"கப்பல் கரை சேந்தாச்சு. இனிமே இழுவைப் படகு எதுக்கு? ஊசியை நிறுத்துடி கொழந்தே!"

பூர்ணிமா பயந்துபோய் டாக்டரிடம் ஓடினாள். இந்த ஊசியால்தான் கரு தங்குகிறதா என்பது உறுதியாகத் தெரியாது, சிலருக்கு உதவலாம், ஆனால் எப்போது நிறுத்துவது என்று நான் சொல்கிறேன், நீயாக நிறுத்தாதே என்றார் அந்த நல்ல மனிதர்.

இதைக் கேட்டு மாமா கொதித்துப்போனார். "தெரியாதாமா? அவ்வளவு ஃபீஸ் வாங்கிண்டு தெரியாதாமா? ஓசியிலே சொல்ற எனக்குத் தெரியறதே!"

"அப்போ சொல்லுங்கோ மாமா." பூர்ணிமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தத் தடவையாவது தங்குமா?"

மாமா மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

டாக்டர் சொன்ன நாள்வரை ஊசி தொடர்ந்தது. மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. தன் அட்டவணைதான் காரணம் என்றார் மாமா. தான் வேண்டிக்கொண்ட காளிதான் என்றாள் மாஷிமா. ராகவ் தன் பங்குக்கு, கர்ப்பகாலத்தில் வீடு மாற்றாமல் இருந்ததுதான் என்றான். பூர்ணிமா மட்டும் எந்தக் காரணமும் தேடாமல் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதாள்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கும் ஒரு காரணம் தோன்றியிருக்குமே? அதைச் சொல்லப் பக்கத்து வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிறீர்களே, முதலில் உட்காருங்கள்.