புதினா மொட்டைக் கிள்ளிய விரல்

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

தங்கள் சந்தேகப் பட்டியலில் நிரந்தர முதலிடம் வகிக்கும் மருமகன் பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், அப்பா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு நலம். அங்கே தாங்களும், தங்கள் மோட்டார் சைக்கிள் பட்டறையும், என் மேலுள்ள கோபமும் நலம்தானே?

எங்கள் பால்கனியில் தாங்கள் விட்டுப்போன புதினாத் தொட்டி மூன்று வருடமாகப் பூக்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தங்கள் கண் பூத்ததுதான் மிச்சம். போன மாதம் வந்த தாங்கள், நுனியெல்லாம் கிள்ளியிருப்பதைக் கண்டு, "இந்தக் குரங்கு வேலைய இவனத் தவிர யாரு பண்ணுவா? லீவுக்குப் பட்டறைப் பக்கம் வரட்டும், கால ஒடைக்கிறேன்" என்றீர்கள். அதில் ஒருமுறை பிளாஸ்டிக் ரோஜா செருகியவன் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் செய்யாத குற்றத்துக்காக இஞ்சினைத் தொடும் பாக்கியத்தை இழக்க நான் என்ன கிள்ளுக்கீரையா?

செடி விற்பவரிடம் கேட்டேன். "கிள்ளக் கிள்ள எலதான் தம்பி வரும். வெயில்ல வச்சிட்டுக் கையக் கட்டிக்கிட்டு இருங்க, தானா பூக்கும்" என்றார். தொட்டியை வெயில் மூலைக்கு நகர்த்தி, கத்தரிக்கோலோடு வந்த அம்மாவைக் கெஞ்சித் திருப்பியனுப்பி, நாள் எண்ணிக் காத்திருந்தால் மொட்டு கட்டியது. மறுநாள் காலையில் மூன்றைக் காணோம். மிச்ச மொட்டுகளின் காம்பில் முத்திரை மையைத் தடவி வைத்தேன்.

அடுத்த நாள் அப்பா வலது கையைச் சீருடைப் பைக்குள் வைத்துக்கொண்டு இடது கையால் காப்பி குடித்தார்.

"கைக்கு என்னங்க?"

"சுளுக்கு."

எண்ணெய் தேய்க்க அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்தன ஒரு நீலக் கட்டைவிரலும் ஒரு நீல ஆள்காட்டி விரலும்.

அத்தை, நாற்காலி இருக்கிறதென்று நினைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தீயணைப்பு நிலைய அதிகாரி, எரிகிற மாடியில் ஏறிப் பதக்கம் வாங்கியவர், தங்கள் அருமைத் தம்பி, சொல்கிறார்:

"பூத்தா தேனீ வரும்டா."

"வந்தா?"

"கொட்டும்."

மூன்று வருடம், தினமும் விடிகாலையில் மொட்டைக் கிள்ளியிருக்கிறார். மனசு கேட்காமல் உரமும் போட்டிருக்கிறார். ஊரில் பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவார்கள், இவர் தொட்டியை ஆட்டியிருக்கிறார். "பிள்ள திட்டு வாங்குறப்போ வாயத் தெறந்திருக்கலாமே" என்று அம்மா கேட்டதற்கு, "அவனுக்குத் திட்டு பழக்கம்தானே" என்றார். எனக்கு இன்னும் வாய் மூடவில்லை. தப்பிய மொட்டுகள் இன்று ஊதா நிறத்தில் விரிந்துவிட்டன, இரண்டு தேனீக்கள் வந்தன, அதிகாரி அறைக்குள் போய்விட்டார்.

ஆகவே தீர்ப்பைத் திருத்தி, ஸ்பானர் பிடிக்க அனுமதித்து ஆசீர்வதிக்குமாறு வேண்டும்,
நிரபராதி மருமகன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அப்பா வெளியே வந்து கடிதத்தைப் படித்துவிட்டார். நிலையத்தில் இருபது பேர் அவருக்குச் சல்யூட் அடிக்கிறார்களாம். பழியை நான் ஏற்றுக்கொண்டால், "சின்னப் பையன், மன்னிச்சு விடுக்கா" என்று அவரே தங்களிடம் பேசி, இந்த லீவுக்கும் அடுத்த லீவுக்கும் என்னைப் பட்டறையில் சேர்த்துவிடுவாராம். எனவே மேலே உள்ளது முழுக்க என் கற்பனை. மொட்டுகளைக் கிள்ளியவன் நானே, மிகவும் வருந்துகிறேன். மேலே எழுதியதை அடித்துவிடச் சொன்னார். அடித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.